நீ கேட்காத பத்து நிமிடம்

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் நேற்று மாலை யாருக்கோ கேக்கைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்னாசி எசென்ஸ் வாசனை சாலைவரை வந்தது. மெட்ரோ வேலைக்காக வைத்த தகரத் தடுப்புக்கும் கடைகளுக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற இடம்தான் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஒருவர், "நிக்கறதுக்கு வேற எடமே கெடைக்கலியா நைனா?" என்று கேட்டுவிட்டு இடித்துக்கொண்டு போனார். எனக்கு நீ என்றால் மலிவான அன்னாசி கேக்கின் வாசனைதான்.

உங்கள் குழுவில் போதையை விட்ட நாளைப் பிறந்தநாள் என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நூம்பல் பக்கம் ஒரு பள்ளியின் வகுப்பறையைத் திறந்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஒவ்வொருவராக எழுந்து பேசுவீர்கள். வருடம் நிறைந்தவருக்கு அன்னாசிக் கேக் வெட்டுவீர்கள். உனக்கு முதல் வருடம் நிறைந்த அன்று குடும்பத்தாரும் நண்பர்களும் வரலாம் என்று என்னையும் கூப்பிட்டாய். நீ கத்தியை எடுத்ததும் அறை முழுவதும் எழுந்து நின்று தட்டியது. உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் தட்டிலும் ஒரு துண்டு வைத்துவிட்டுக் கேட்டார்.

"சாருக்கு எத்தினி வருசம் ஆவுது?"

"நான் எதையும் தொட்டதே இல்லீங்க."

"அப்டீங்களா" என்றார். என் மேல் பரிதாபம் வந்ததுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். விழுந்து எழுந்தவனுக்கு வருடக் கணக்கு உண்டு, கேக் உண்டு, கைதட்டல் உண்டு. விழாமலே இருந்தவனுக்கு அங்கே பேசக்கூட விஷயம் இல்லை. அன்றைக்கு என் வயிற்றில் பற்றியது நீ போன பிறகும் அணையவில்லை.

அம்பத்தூரில் ஒரே வகுப்பில் படித்தோம். என் மதிப்பெண்ணில் பாதிதான் நீ வாங்குவாய். ஆனாலும் ஆசிரியர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு 'அவன் கூட வருவானே, அந்தப் பையன்' என்று பேர். தொழிற்பேட்டைச் சுவர் ஓரம் முதல் தடவை கஞ்சா கைமாறியபோது நானும் அங்கே இருந்தேன். நான் வேண்டாம் என்றேன். "நீ படிக்கிற புள்ள மாமே, ஊட்டுக்குப் போ" என்றாய். போனேன். நான் வேண்டாம் என்று சொன்னதை யாரும் பார்க்கவில்லை. நீ வாங்கியதை ஊரே பிறகு பேசியது.

பிறகு நடந்ததை நீயே மேடைமேடையாகச் சொல்லிவிட்டாய். கஞ்சாவிலிருந்து வலி மாத்திரை. மாத்திரையிலிருந்து ஊசி. லேத் பட்டறை வேலை போனது. நடக்கும்போது காலை இழுத்தாய். உன் அம்மா வாரம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுவார். நான் மருந்தியலில் மேற்படிப்பு முடித்து, ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போனது அதே வருடங்களில்தான். என் அம்மாவுக்கு அது பெருமையாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் நீ மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பி வந்த அன்று அவள் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். ஈரலைத் தனியாக எடுத்து உன் இலையில் வைத்தாள். எனக்கு வேலை கிடைத்த நாளில் எங்கள் வீட்டில் ரசம்.

நம் ஜோடி என் கல்லூரியில்தான் ஆரம்பித்தது. மாணவர்களுக்குப் போதை விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தச் சொன்னார்கள். தகவலை நான் சொல்கிறேன், அனுபவத்தை நீ சொல் என்று உன்னை அழைத்து வந்தேன். அழைத்து வந்தவன் நான் என்பது அதோடு எல்லோருக்கும் மறந்துபோனது. அடுத்த அழைப்பு உன் பேருக்குத்தான் வந்தது. "சாரையும் கூட்டிட்டு வாங்க" என்று அதில் ஒரு வரி. ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி என்று நாம் ஏறாத மேடை இல்லை. முதலில் எனக்குப் பத்து நிமிடம். மீதி எல்லாம் உனக்கு. மைக்கை என்னிடம் கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் அதே நகைச்சுவை.

"எங்க சார் இப்ப கொஞ்ச நேரம் உங்கள தூங்க வெப்பாரு. அப்பால நான் வந்து எழுப்பறேன்."

கூட்டம் சிரிக்கும். நீ மேடையை விட்டு இறங்கிவிடுவாய். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கும்போது நீ வாசலில் ஒரு காகிதக் கப்பில் டீயோடு நின்று, காவலாளியின் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டிருப்பாய். மேடையிலிருந்து எனக்கு அது தெளிவாகத் தெரியும்.

அந்தப் பத்து நிமிடத்தில் நான் என்ன சொல்வேன் என்பது உனக்குத் தெரியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கஞ்சா வெறும் செடிதானே என்று கேட்கிறவர்களுக்கு, அரளியும் செடிதான் என்பேன். உங்கள் வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் போகும் புகை நினைவையும் கவனத்தையும் கெடுக்கும், சிலருக்கு இல்லாத குரல் காதில் கேட்கத் தொடங்கும், அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது என்பேன். மருந்துக்கடையில் விற்கிற மாத்திரைதானே என்று நம்பாதீர்கள் என்பேன். முதலில் அது சுகம் தரும். பிறகு அதே சுகத்துக்கு இன்னும் கூட வேண்டும். அதற்கும் பிறகு சுகம் என்பதே இருக்காது, எடுக்காவிட்டால் வருகிற உடல் முறுக்கலுக்குப் பயந்து எடுப்பதுதான் மிஞ்சும். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் அது சேர்ந்தால் உறக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். சில மாதம் விட்டிருந்தவன் ஒருநாள் தடுமாறிப் பழைய அளவையே எடுத்தால், அந்த அளவைத் தாங்கும் பழக்கம் உடம்பை விட்டுப் போயிருக்கும். பலர் செத்தது அப்படித்தான். இது ஒழுக்கக் குறை இல்லை, நோய், இதற்குச் சிகிச்சை உண்டு, கேட்க வெட்கப்படாதீர்கள் என்பேன். இந்த இடத்தில் எனக்கு நாக்கு கொஞ்சம் கசக்கும். ஆனாலும் சொல்வேன், ஏனென்றால் அது உண்மை.

கடைசியாக ஊசி. ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டுக்கொண்டால் எச்.ஐ.வி. வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஹெபடைடிஸ் சி என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கிருமி ஈரலில் சத்தமில்லாமல் பல வருடம் உட்கார்ந்திருக்கும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. போதையை விட்டு, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது ஈரல் சுருங்கும், புற்றுநோயும் வரலாம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஊசியைப் பகிர்ந்திருந்தாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், நேரத்தோடு கண்டுபிடித்தால் சில மாத மாத்திரையிலேயே பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிவிடும், அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள். இதைச் சொல்லி முடிக்கும்போது என் பத்து நிமிடம் முடிந்துவிடும். நீ கப்பைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வருவாய்.

அதன் பிறகு உன் நேரம். "நான் ஜெயிச்சவன் இல்ல. இன்னிக்கு மட்டும் தோக்காதவன்" என்று ஆரம்பிப்பாய். அந்த ஒரு வரிக்கே கைபேசிகள் எல்லாம் பைக்குள் போய்விடும். அம்மாவின் தோட்டைத் திருடிய கதையைச் சொல்வாய். பின்வரிசைப் பையன்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். முடிந்ததும் உன்னைச் சுற்றிக் கூட்டம். என்னிடம் வருகிறவர்கள், "சார், அவர் நம்பர் கெடைக்குமா?" என்று கேட்பார்கள். கொடுப்பேன்.

ஒருநாள் உன் கண் மஞ்சளாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"காமாலை மாமே. கீழாநெல்லி குட்சிகினு கீறேன். எண்ணெ துன்னக் கூடாதாம், மோர் சோறுதான்."

"எத்தனை நாளா?"

"ரெண்டாவது தபா. போன தபாவும் அதுலதான் போச்சு."

ஊரில் காமாலை என்றால் எல்லோரும் செய்வதைத்தான் நீயும் செய்தாய். பழைய ஊசி உன் நினைவுக்கு வரவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக உன்னை நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உன் வயிறு அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. பரிசோதனைகள் முடிந்து ஓர் இளம் பெண் மருத்துவர், "எப்பவாவது ஊசி போட்டுப் பழக்கம் இருந்ததா?" என்று கேட்டார். நீ சொல்ல ஆரம்பித்தாய். மேடையில் சொல்வது போலவே, அதே இடத்தில் நிறுத்தி, அதே இடத்தில் சிரித்து. கூட நின்ற பயிற்சி மாணவர்கள் எழுதுவதை விட்டுவிட்டு உன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹெபடைடிஸ் சி முற்றி ஈரலில் கட்டி என்று தெரிந்த அந்த அறையிலும் எனக்கு உன் மீது பொறாமை வந்தது. என்னை அப்படி ஒருவரும் பார்த்ததில்லை.

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "இத்தனை வருஷமா ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கணும்னு யாருமே சொல்லலையா உங்களுக்கு?"

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "இவன் சொல்லியிருப்பான் மேடம். மேடைல சொல்லுவான் போல. நான் அந்த நேரத்துல டீ குடிக்கப் போயிருப்பேன்."

அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. ஊர் ஊராகப் போய் மைக்கில் சொன்னேன். முன்பின் தெரியாதவர்கள் எழுதிக்கொண்டார்கள். யாருக்கு மிகவும் தேவையோ அவன் வாசலில் நின்றான்.

பிறகு அதிக நாள் நீ இல்லை. தெருமுனையில் உன் படத்தோடு வைத்த பேனரில் 'உடல்நலக்குறைவால் இயற்கை எய்தினார்' என்று போட்டிருந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள், போதையையே ஜெயிச்ச மனுஷனைப் பாழாப்போன காமாலை கொண்டுபோயிடுச்சே என்று பேசிக்கொண்டார்கள். காமாலை கொண்டுபோகவில்லை. நீ விட்டுவிட்டதாக நினைத்த அதே ஊசிதான் கொண்டுபோனது. செத்தும் நீ வென்றவனாகவே படுத்திருந்தாய். மாலையும் உனக்கு, வெற்றியும் உனக்கு.

காரியம் முடிந்த பிறகு, உண்மையை எல்லோரிடமும் சொல்லிவிடலாம் என்று கலாவிடம் சொன்னேன். உன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காமாலைன்னே இருக்கட்டும்ணா."

"உண்மை அது இல்லையேம்மா."

"எங்க அண்ணனுங்க இன்னா சொல்லி என்னத் தடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியும். ஊசிக்காரனைக் கட்டிகினு போறியேன்னாங்க. எங்க நெலம் வித்த பங்குகூட எனுக்கு வேணாம்னு வந்தவ நானு. இப்ப ஊசிதான் கொன்னுச்சுன்னா, அன்னிக்கே சொன்னோம்லன்னு வந்து உக்காருவாங்க. என் புள்ளைங்களுக்கு அவங்க அப்பா ஜெயிச்சவருண்ணா. அத விட்ருங்க."

நியாயம்தான். நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன், சேகர் இல்லாமல் இருந்தால். திருவேற்காடு – பூந்தமல்லி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறானே, உன் பின்னாலேயே குழுவுக்கு வந்தவன், உன்னை அண்ணாத்தே என்று கூப்பிடுகிறவன். அந்தக் காலத்தில் நீயும் அவனும் ஒரே ஊசியைப் போட்டுக்கொண்டதை நீயே மேடையில் சொல்லியிருக்கிறாய். அவன் ஆட்டோவில் ஒருநாள் போகும்போது, "சாப்புட்டா நெஞ்சுல நிக்குது சார், ஒடம்பு அசதியாவே கீது. கீழாநெல்லி வாங்கிப் பாக்கலாம்னு கீறேன்" என்றான். அவனைப் போல அந்தக் குழுவில் இன்னும் சிலர் உண்டு. எல்லோரும் நீ காமாலையில் போனதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். திரும்பவும் கலாவிடம் போனேன். சேகர் சொன்னதை மட்டும் சொன்னேன். "நீங்க சொல்லணும்னா சொல்லுங்க. என்னக் கேக்காதீங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேகருக்கு வருடம் நிறைந்த கூட்டம். உன்னைப் பற்றி நாலு வார்த்தை பேச என்னைக் கூப்பிட்டார்கள். உன் வெற்றியிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துப் போட எனக்கு ஆசை இருந்தது என்பதை உன்னிடம் மறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தபோது அந்த ஆசைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. உண்மையும் அதுதான், தேவையும் அதுதான்.

"அவன் காமாலையில சாகல" என்றேன். "பழைய ஊசியில வந்த கிருமியில செத்தான். ஊசியைப் பகிர்ந்த யாரா இருந்தாலும் நாளைக்கே போய் ரத்தம் கொடுங்க."

சேகர் எழுந்துவிட்டான். "இன்னா சார் பேசிகினு கீற? அண்ணன் செத்து ஈரம்கூட காயல. எத்தினி பேர அவுரு கரை ஏத்திகீறாரு. அவுருக்குப் போய் ஊசிக்காரன்னு பட்டம் கட்றியே."

"டாக்டர் சொன்னதைத்தான் சொல்றேன்."

"உனுக்கு அவுரு மேல எப்பவும் வயித்தெரிச்சல் சார். அவுரே சொல்லிகீறாரு."

"என்ன சொன்னான்?"

"'என் ஃப்ரெண்டு என் மேல காண்டாவே கீறான்டா. ஆனா கூப்ட்டா ஒரு மீட்டிங்கு வராம இருந்ததில்ல'ன்னு."

யாரோ சிரித்துவிட்டார்கள். உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் என்னைத் தூங்க வைப்பவன் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாய்.

"எரிச்சல்தான்" என்றேன். "நீ டெஸ்ட் எடுத்துட்டு வா. அப்புறம் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேணும்னாலும் திட்டு."

அவன் கதவைப் பார்த்து நடந்தான். அப்போது பின்வரிசையிலிருந்து கலாவின் குரல் வந்தது. அவள் வந்திருப்பதையே நான் கவனிக்கவில்லை.

"சேகரு, சார் சொல்றது நெசம். டாக்டரம்மா எங்கிட்டயும் சொன்னாங்க. என்ன உடனே ரத்தம் எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். எனுக்கு ஒண்ணும் இல்ல. நீயும் போய்ப் பாரு. உங்க அண்ணன் போன மாதிரி போவாத. நான் பாத்தேன் அத."

சேகர் நின்றான். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். நான் சொன்னதைக் கேட்காதவர்கள், உன் வீட்டுக்காரி சொன்ன நாலு வரியில் கேட்டுவிட்டார்கள். உன் பேருக்கு இருக்கிற செல்வாக்கு அப்படி. அவளுடைய அண்ணன்கள் காதுக்கும் விஷயம் போனது. வந்து உட்கார்ந்து, அவள் பயந்தபடியே பேசினார்கள். அவள் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள் என்று உன் பெரிய மகள் சொன்னாள்.

சேகருக்குக் கிருமி இருந்தது. ஈரல் கெடத் தொடங்கியிருந்தது, ஆனால் முற்றவில்லை. மாத்திரையை ஒருநாள் விடாமல் சாப்பிட்டான். கடைசியாக எடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக உன் வீட்டுக்குப் போய், உன் படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டிருக்கிறான். எனக்குத் தொலைபேசியில்தான் சொன்னான்.

இப்போது உன் இடத்தில் அவன் பேசுகிறான். சென்ற வாரம் ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போனோம். உன்னளவுக்குப் பேச வராது. திக்குவான், நடுவில் மறந்துபோவான். ஆனால் முடிக்கும்போது, "எங்க அண்ணாத்தே செத்தும் என்னக் காப்பாத்திட்டாரு" என்றான். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. நான் மேடையில் பக்கத்திலேயே இருந்தேன். என் பேரை அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நீ இல்லாத மேடையிலும் கைதட்டல் உனக்குத்தான் போகிறது. இந்த எரிச்சலை இனி யாரிடம் கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்கும் கல்லூரிக்கும் சுமந்துகொண்டு திரிகிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது ஒன்றுதான் என்பதால் இறக்கி வைக்கவும் மனம் இல்லை.

இன்னொன்றும் அன்றைக்கு நடந்தது. என் பத்து நிமிடத்தில் சேகர் வெளியே போகவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து, முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டான். ரத்தப் பரிசோதனையைப் பற்றிய இடம் வந்தபோது பக்கத்திலிருந்த மாணவனின் தோளைத் தட்டி, கேளு என்பதுபோல என் பக்கம் கை காட்டினான். ஓர் ஆளிடம் நான் பல வருடமாக எதிர்பார்த்தது அவ்வளவுதான். அது கிடைத்ததும் எனக்குப் பேச்சு குழறிவிட்டது. சேகர் மீது பொல்லாத கோபம் வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டியவன் அவன் இல்லை.